ஊசி முனையில் மலரும் பூக்கள்

தியாகராய நகர்ப் பாண்டி பஜாரிலோ, மயிலை மாட வீதிகளை அடுத்த சந்துகளிலோ, அடையாற்றின் குடியிருப்புகளிலோ ஒரு மாலைப் பொழுதில் நடந்து செல்வோர் ஓர் அறிவிப்பை அடிக்கடி காண்பார்கள். 'இங்கு ஆரி வேலை செய்து தரப்படும்' என்பதே அது. மாடிப்படியின் கீழே ஒரு சிறு அறை. அறையை அடைத்துக்கொண்டு கட்டில் போன்ற ஒரு மரச்சட்டம். சட்டத்தில் முரசுத் தோல்போல் இழுத்துக் கட்டப்பட்ட பட்டுத் துணி. அதன் இருபுறமும் குனிந்த தலைகளோடு நான்கைந்து பேர். திருமணத்திற்கு நாள் குறித்த வீடுகளில் இன்று புடவைக்கு அடுத்த பேச்சு ரவிக்கையின் வேலைப்பாட்டைப் பற்றியதாகவே இருக்கிறது. புடவையை நெய்தவர் எந்த ஊரார் என்று கேட்பவர் அரிதாகிவிட்டனர். ரவிக்கையின் முதுகில் மயிலைத் தைத்தவர் யார், என்ன விலை என்று கேட்காத உறவினரோ இல்லை.

ஆரி என்பது ஒரு கொக்கி ஊசி. நாம் வீட்டில் பயன்படுத்தும் ஊசிக்குக் காது உண்டு. இதற்குக் காது கிடையாது. மரப்பிடியில் பொருத்திய மெல்லிய கம்பியின் முனையில் மீன் தூண்டிலின் முள்போல் ஒரு சிறு வெட்டு மட்டுமே இருக்கும். வலக்கை துணியின் மேலே ஊசியைப் பிடித்திருக்க, இடக்கை துணியின் அடியில் நூலைப் பிடித்திருக்கும். ஊசி கீழே இறங்கும். அடியிலுள்ள கை நூலை அதன் கொக்கியில் மாட்டும். ஊசி ஒரு சிறு திருகலோடு மேலே வரும்போது நூல் வளையமாக எழும். அந்த வளையத்திற்குள்ளேயே ஊசி மறுபடியும் இறங்கும். இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகப் பிறக்கும் வளையங்களின் வரிசையே சங்கிலித் தையல். கீழே உள்ள கையைக் கண் காண்பதில்லை. விரல் நுனியே அங்கே கண்ணாகிவிடுகிறது. பழகிய கை இயங்கும் வேகத்தைப் பார்த்தால் தையல் இயந்திரமே நினைவுக்கு வரும்.

இக்கருவி தமிழ்நாட்டில் பிறந்ததன்று. குஜராத்திலும் கட்சு நாட்டிலும் தோல் வேலை செய்து வந்த மோச்சி வகுப்பார், செருப்புத் தைக்கும் ஊசியைச் சிறிதாக்கிப் பட்டுத் துணியில் பூ வரைந்தனர். அரசவைகளின் கூடாரங்களையும் குதிரைச் சேணங்களையும் அலங்கரித்தவர்கள் இவர்கள். கீழை நாடுகளின் இந்த முறையே 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்குச் சென்று, தம்பூர் வேலை என்ற பெயரில் பிரெஞ்சுச் சீமாட்டிகளின் பொழுதுபோக்காயிற்று. தம்பூர் என்பது முரசைக் குறிக்கும் சொல். துணியை முரசுபோல் இழுத்துக் கட்டுவதால் அப்பெயர் வந்தது.

நூலிலே பூ வரையும் இந்தக் கலையைப் பூத்தையல் என்று சொல்லலாம். எம்பிராய்டரி என்ற சொல்லே நம் வீடுகளில் வேரூன்றிவிட்டதால், அதையும் இங்கே விலக்கப் போவதில்லை.

சாயமும் தறியும் ஆண்ட நாடு

பஞ்சாபிற்கு ஒரு புல்காரி, வங்காளத்திற்கு ஒரு காந்தா, லக்னோவிற்கு ஒரு சிக்கன், கருநாடகத்தின் தார்வாருக்கு ஒரு கசூதி என்று ஒவ்வொரு நாட்டாரும் தமக்கென ஒரு பூத்தையலைச் சொல்லிக்கொள்கின்றனர். 'தமிழ்நாட்டின் சமவெளிக்கு உரியது எது?' என்று கேட்டால் விடை கூறச் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. தஞ்சைப் பகுதியில் தேருக்குக் கட்டும் தொம்பைகளில் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் வேலை உண்டு. கோயில் குடைகளிலும் அவ்வகை உண்டு. ஆயினும் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் உடுத்தும் ஆடையில் ஊசியால் பூப்போடும் வழக்கம் இங்கே வலுவாக வளரவில்லை.

காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் முன்னோர் உடுத்தியது வெட்டாத, தைக்காத துணி. அழகு முழுவதையும் தறியிலேயே கரையாகவும் தலைப்பாகவும் நெய்துவிட்டனர். எஞ்சியதைச் சாயத் தொட்டியும் தூரிகையும் பார்த்துக்கொண்டன. புகார் நகரத்தில் துன்னகாரர் வாழ்ந்த செய்தியைச் சிலப்பதிகாரம் கூறுவதால், தையற்கலை அறியாத நாடென்று நம்மை யாரும் சொல்ல இயலாது. அலங்காரத்திற்கு ஊசியை நாடும் தேவை குறைவாக இருந்தது என்பதே பொருத்தம்.

மயிலையே இதற்குச் சான்று. போர்த்துக்கீசியர் 1520-களில் சாந்தோமில் குடியேறியபோது, அக்கரைக் கப்பல்கள் இங்கிருந்து ஏற்றிச் சென்ற புகழ்பெற்ற சரக்கு, சாயமும் தூரிகையும் கொண்டு வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளே. மலாக்காவிலும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளிலும் அவற்றிற்குப் பெரும் மதிப்பு இருந்தது. அதே போர்த்துக்கீசியர் பூத்தையலுக்கு வங்காளத்துச் சாத்காவ் துறைமுகத்தை நாடினர். வெண்ணிறப் பருத்தித் துணியில் மஞ்சள் நிற டஸ்ஸர்ப் பட்டு நூலால் தைத்த பெரிய படுக்கை விரிப்புகள் அவை. சாலமோன் அரசரின் தீர்ப்பும், தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் பெலிக்கன் பறவையும், இருதலைக் கழுகும் அவற்றில் இடம்பெற்றன. விவிலியத்தை என்றும் படித்திராத வங்காளக் கைகள் சாலமோனைத் தைத்து லிஸ்பன் மாளிகைகளுக்கு அனுப்பின என்பது எண்ணி வியக்கத் தக்கது.

ஆனால் போர்த்துக்கீசியர் நம் தையற்பெட்டிக்குள் வேறொன்றை விட்டுச் சென்றனர். பொத்தான், அப்பொத்தான் நுழையும் காஜா, கடற்கரை ஊர்களில் பாட்டிமார் சொல்லும் ரேந்தை ஆகிய மூன்று சொற்களும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவையே. உடையைத் தைத்து உடுத்தும் பழக்கம் எந்த வழியாகப் பரவியது என்பதை இச்சொற்களே காட்டிவிடுகின்றன.

பிற்காலத்தில் அடையாற்றில் 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் கைத்தொழிலுக்குப் புத்துயிர் அளிக்க முற்பட்டபோதும், அவர் கை வைத்தது தறியிலும், பின்னர்க் கலங்காரித் தூரிகையிலுமே. மண்ணின் இயல்பை அறிந்த செயல் அது.

பொன்வண்டின் சிறகு

இப்படிச் சொன்னாலும், 19-ஆம் நூற்றாண்டில் சென்னை என்ற பெயரை உலகச் சந்தையில் ஒலிக்கச் செய்த ஒரு பூத்தையல் இருந்தது. அதனை இன்று நம்மில் பலர் கேள்விப்பட்டதும் இல்லை.

பொன்வண்டைச் சிறு வயதில் தீப்பெட்டிக்குள் அடைத்து, கொன்றை இலை போட்டு வளர்த்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பார்கள். பச்சையும் நீலமும் பொன்னுமாக ஒளிரும் அதன் மேற்சிறகு ஓடுதான் இத்தையலின் மணி. உதிர்ந்த அல்லது எடுக்கப்பட்ட ஓடுகளை இலை வடிவில் கத்தரித்து, ஓரத்தில் துளையிட்டு, மெல்லிய மஸ்லின் துணியில் பொன் ஜரிகையோடு சேர்த்துத் தைத்தனர். சென்னையிலும் ஐதராபாதிலும் இவ்வேலை சிறந்து விளங்கிற்று. விளக்கொளியில் வெள்ளைத் துணியின்மேல் மரகதம் பதித்ததுபோல் தோன்றும் இவ்வாடைகளை ஆங்கிலச் சீமாட்டிகள் நடன விருந்துகளுக்கு அணிந்தனர். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இத்தகைய துணிகள் இன்றும் உள்ளன. கல்லோ கண்ணாடியோ நிறம் மங்கினாலும் வண்டின் ஓடு மங்குவதில்லை. அதன் நிறம் சாயத்தால் வந்ததன்று; ஓட்டின் மென்படலங்களில் ஒளி சிதறுவதால் தோன்றுவது.

1888-இல் இலண்டன் மேடையில் எல்லன் டெரி என்னும் நடிகையார் மாக்பெத் சீமாட்டியாக நடித்தபோது உடுத்திய பச்சை உடையில் இத்தகைய வண்டோடுகள் நிறையப் பதிக்கப்பட்டிருந்தன. 1903-ஆம் ஆண்டு தில்லி தர்பாரில் வைசிராயின் மனைவி கர்சன் சீமாட்டி அணிந்த மயிற்பீலி உடையிலும் ஒவ்வொரு பீலியின் கண்ணிலும் ஒரு வண்டோடு இருந்தது. உடைகளின் பெயரும் அவற்றை உடுத்தியவர் பெயரும் வரலாற்றில் நிற்கின்றன. சென்னையில் அமர்ந்து வண்டோட்டில் துளையிட்டவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. பூத்தையலின் வரலாறு எங்கும் இப்படித்தான். துணி இருக்கும், கை இராது.

ரேந்தைத் திண்டு

தென்னாட்டில் ஊசி வேலை பெண்களின் கையில் காசாக மாறிய கதை குமரி மாவட்டத்தில் தொடங்குகிறது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷன் போதகர் சார்லஸ் மால்ட் என்பவரின் துணைவியார் மார்த்தா மால்ட், தாம் தொடங்கிய பெண்கள் பள்ளியில் ரேந்தை பின்னக் கற்றுக் கொடுத்தார். கெட்டியான திண்டின்மேல் வடிவத்தை ஊசிகளால் குத்தி வைத்து, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய பல நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. துணியே இல்லாமல் நூலிலிருந்து நேரே பிறக்கும் பூ எனலாம்.

அப்பள்ளிக்கு வந்த பெண்களுள் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அன்றைய திருவிதாங்கூரில் மனிதர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர். அடிமை முறையை அரசு முற்றாக ஒழித்தது 1855-இல்தான். அதற்கு முன்பே, ரேந்தை விற்ற பணத்தைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கிய பெண்கள் அங்கே இருந்தனர். கைக்குட்டையின் ஓரத்தை அழகு செய்யும் ஒரு விரற்கடை அகலப் பின்னலுக்கு அவ்வளவு வலிமை இருந்தது! சபை வேறாயினும் இச்செயலை நன்றியோடு நினைப்பது நம் கடமை.

கத்தோலிக்கக் கன்னியரின் பங்கும் சிறிதன்று. பெல்ஜிய நாட்டு அன்னை மரி லூயிஸ் தெ மெஸ்தர், 1897 நவம்பரில் முளகுமூட்டிற்கு வந்து சேர்ந்தார். ஆதரவற்ற சிறுமியரைக் காக்கும் இல்லமே அவரது முதற்பணி. அவர் புறப்பட்டு வந்த ஈப்பர் நகரம் ரேந்தைக்குப் பெயர் பெற்ற பிளாந்தர் நாட்டைச் சேர்ந்தது. சோறு போட்டால் மட்டும் போதாது, வளர்ந்தபின் தம் காலில் நிற்க ஒரு தொழிலும் வேண்டும் என்ற எண்ணத்தில் முளகுமூட்டு மடத்தில் ரேந்தையும் பூத்தையலும் கற்பிக்கப்பட்டன. முளகுமூட்டு ரேந்தை என்ற பெயர் பிற்காலத்தில் பிற நாடுகளிலும் அறியப்பட்டது.

உதகையில் 1877-இல் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபையை நிறுவிய அன்னை மரிய பாஸ்ஸியோனும் இதே வழியைக் கண்டவர். 2002 அக்டோபர் 20-ஆம் நாள் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்ட இவ்வன்னையின் சபை சென்ற நாடுகளிலெல்லாம் ஏழைப் பெண்களுக்கான தையற்கூடங்களும் உடன் சென்றன. சென்னை மக்கள் இச்சபையாரை நன்கு அறிவர். 1947-இல் சாந்தோமில் சிறு அளவில் தொடங்கி, பின்னர்க் கதீட்ரல் சாலைக்கு மாறிய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி இவர்களுடையதே.

மடத்துத் தையற்கூடங்களைப் பற்றி இன்று சிலர் குறை கூறுவதுண்டு. பெண்ணைத் தலை குனிந்து உட்கார வைப்பதற்கே ஊசி பயன்பட்டது என்பர். இதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. எழுத்தறிவைவிட ஊசியறிவுக்கு முதன்மை தந்த இடங்களும் இருந்தன. எனினும் தந்தையையோ கணவனையோ கை ஏந்தாமல் ஒரு பெண் தன் முடிச்சில் சொந்தக் காசு வைத்திருக்க முடிந்த முதல் வாய்ப்பு பல ஊர்களில் இதுவாகவே இருந்தது. நகரத்திலும் இதன் தொடர்ச்சி உண்டு. அரசு தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கும் பூத்தையலுக்கும் கீழ்நிலை, மேல்நிலை என இரு படிகள் வைக்கப்பட்டன. அவற்றில் தேறி, ஆசிரியர் பயிற்சிச் சான்றும் பெற்றுத் தையல் ஆசிரியையாகிக் குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் நம் பங்குகளில் எத்தனையோ பேர்.

தையல்களின் குடும்பம்

பூத்தையலில் நூற்றுக்கணக்கான தையல்கள் உண்டென்று புத்தகங்கள் கூறும். அச்சம் வேண்டா. வேர்கள் சிலவே. ஊசி துணிக்குள் முன்னோக்கி ஓடினால் ஓட்டுத் தையல். ஓரடி முன் சென்று அரையடி பின் வந்தால் பின் தையல். அதையே சாய்வாகப் போட்டால் காம்புத் தையல். நூலை வளைத்துப் பிடித்துக்கொண்டு குத்தினால் சங்கிலியும் காஜாவும் இறகுத் தையலும் பிறக்கும். ஊசியில் நூலைச் சுற்றி இழுத்தால் முடிச்சு வகைகள். நூல்களை நெருக்கமாக அடுக்கி இடத்தை நிரப்பினால் சாட்டின் தையல். பொன் ஜரிகையைத் துணிக்குள் நுழைக்காமல் மேலே கிடத்தி, வேறொரு மெல்லிய நூலால் ஆங்காங்கே கட்டிப் பிடித்தால் ஜர்தோசி முதலான பொன்வேலை. எஞ்சியவை யாவும் இவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே.

கசூதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கவந்தி என்னும் வகை வெறும் ஓட்டுத் தையல்தான். ஒருமுறை இடைவெளி விட்டு ஓடி, மறுமுறை திரும்பி வந்து அந்த இடைவெளிகளை நிரப்புவார்கள். துணியின் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும். முடிச்சு எங்கும் தெரியாது. புல்காரியில் பெண்கள் துணியின் பின்பக்கத்திலிருந்து இழைகளை எண்ணித் தைப்பார்கள்; பூ மறுபக்கத்தில் மலரும்.

நம் நீலகிரியில் தோடர் பெண்கள் செய்வதும் எண்ணிக்கைத் தையலே. தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால், வரைபடமும் இல்லாமல் சட்டமும் இல்லாமல், இழைகளை எண்ணியே வடிவங்களை எழுப்புகின்றனர். புத்துக்குளி என்னும் அவர்களது போர்வையில் இவ்வேலை துணியோடு நெய்யப்பட்டதோ என்று ஐயுறும் அளவுக்கு ஒன்றியிருக்கும். தோடர் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சமவெளித் தமிழர் தேடிக் கிடைக்காத பழம் பூத்தையல் மலைமேல் சில நூறு குடும்பங்களிடம் இருந்துவந்திருக்கிறது. தருமபுரி மாவட்டத்துச் சித்திலிங்கியில் லம்பாடிப் பெண்கள் மறந்துபோன தம் கண்ணாடித் தையலை மீண்டும் கற்றுக்கொண்டதும் இவ்வகையில் குறிப்பிடத் தக்கது. வயது முதிர்ந்த இருவருக்கு மட்டுமே அது முழுமையாக நினைவிருந்ததாம். அவர்கள் அமைத்த குழுவின் பெயர் 'போர்கை'. அவர்கள் மொழியில் பெருமிதம் என்று பொருள்.

நகரத்து வீடுகளில் பழைய பூத்தையல் வேறு விதமாக இருந்தது. மேட்டித் துணியில் குறுக்குத் தையலால் கிளியும் குத்துவிளக்கும். தலையணை உறையில் இரண்டு ரோஜாக்களும் அவற்றின் நடுவே 'குட் நைட்' என்ற வாழ்த்தும். ஏன் ஆங்கிலத்தில்தான் உறங்க வேண்டுமோ தெரியவில்லை! ஆங்கர் நூற்கண்டு எட்டு மீட்டர், ஆறு இழை. இரண்டு இழையாகப் பிரித்தால் நுண்ணிய வேலை, மூன்றாகப் பிரித்தால் நடுத்தரம். 1974-இல் உருவான மதுரா கோட்ஸ் நிறுவனத்தின் வழியாக இந்நூல் தமிழகத்து மூலைமுடுக்கெல்லாம் பரவியது. கார்பன் தாளில் படம் எடுப்பது ஒரு முறை. வரைந்த தாளில் ஊசியால் துளைகள் இட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைத் தூளையோ நீலத்தையோ பஞ்சால் அதன்மேல் தேய்த்து, புள்ளிகளைத் துணியில் இறக்குவது மற்றொரு முறை. ஆரிக்கூடங்களில் இன்றும் இதுவே நடைமுறை.

பீடத்து வெண்துணி

விடுதலைப் பயண நூலின் 38-ஆம் அதிகாரத்தில், திருக்கூடாரத்தின் பணியில் பெட்சலேலுக்குத் துணை நின்ற ஒகோலியாபு நீலம், கருஞ்சிவப்பு, கருஞ்சிவப்பினும் ஒளிமிக்க செந்நிறம் ஆகிய நூல்களால் பூத்தையல் செய்வதில் வல்லவர் என்று பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறார். பெயர் நிலைத்த அரிய தையற்கலைஞர்களில் அவர் ஒருவர். இடைக்காலத்தில் இங்கிலாந்து நாட்டுப் பொன்வேலைத் திருவுடைகளுக்கு ஐரோப்பா முழுவதும் மதிப்பு இருந்தது. 1295-இல் எழுதப்பட்ட திருத்தந்தையின் கருவூலப் பட்டியலில் மற்ற நாட்டு வேலைகளைவிட ஆங்கில வேலையே மிகுதியாகக் காணப்படுகிறது.

ஆயினும் பீடத்துணிகளுக்கு உரிய மரபு பகட்டுக்கு எதிரானது. அப்பமும் கிண்ணமும் வைப்பதற்காக விரிக்கும் சதுரத் துணியை எடுத்துக்கொள்வோம். முன்று மடிப்பும் குறுக்கே மூன்று மடிப்புமாக மடித்தால் ஒன்பது சதுரங்கள் வரும். இதன் நடுவில் பூவேலை எதுவும் செய்வதில்லை. முன் ஓரத்தில் ஒரு சிறிய சிலுவை மட்டும் வெள்ளை நூலில் தைக்கலாம். நற்கருணைத் துகள் ஒன்றுகூடத் தையலின் இடுக்கில் தங்கிவிடலாகாது என்பதே காரணம். ஓரத்திற்கு நூலெடுத்த வேலை செய்வர்: துணியிலிருந்து சில இழைகளை உருவிவிட்டு, மீந்தவற்றை மூன்று மூன்றாகவோ நான்கு நான்காகவோ கட்டினால் ஏணிபோன்ற சன்னல்கள் தோன்றும். 1963 டிசம்பரில் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனமும் வெறும் ஆடம்பரத்தைவிட மாண்புள்ள அழகையே நாட வேண்டும் என்றும், இது திருவுடைகளுக்கும் பொருந்தும் என்றும் கூறியுள்ளது.

இன்று பல கோயில்களில் கணினி இயந்திரம் தைத்த பளபளப்பான செயற்கைப் பட்டு உடைகளே காணப்படுகின்றன. விலை குறைவு, வேண்டும்போது கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் நம் பங்கிலேயே கைவேலை அறிந்த நான்கு தாய்மார் இருக்கையில், ஒரு பீடத்துணியையேனும் அவர்களிடம் கூலி கொடுத்துச் செய்விக்க எண்ணுபவர் குறைவாக இருக்கின்றனர். கூலி கொடுத்து என்று சொல்வது வேண்டுமென்றே. கோயில் வேலைதானே, காணிக்கையாகச் செய்து தரட்டும் என்னும் எண்ணம் வசதியுள்ள பெண்ணுக்குப் பொருந்தும். ஊசியால் அரிசி வாங்கும் பெண்ணுக்குப் பொருந்தாது.

கூலிக் கணக்கு

மீண்டும் ஆரிச்சட்டத்தின் அருகே செல்வோம். நகரத்து ஆரிக்கூடங்களில் வங்காளத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் பலர் வேலை செய்கின்றனர். அவர்களோடு, சில வார வகுப்பில் கற்றுக்கொண்டு வீட்டிலேயே சட்டம் போட்டு வேலை எடுக்கும் நம் பெண்களும் பெருகியுள்ளனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின் கிடைக்கும் நேரத்தில் செய்யக்கூடிய வேலை என்பதால் இது அவர்களுக்கு உகந்ததாக இருக்கிறது. கடைக்காரர் துணியும் படமும் தருவார். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று பேசப்படும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. ஒரு ரவிக்கைக்கு 3,000 ரூபாய் என்று நாம் பேசுகிறோம். ஜரிகை, சமிக்கி, பாசிமணி, கல் ஆகியவற்றுக்கு 900 ரூபாய் போனால் மீதி 2,100. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 700 ரூபாய், கடையின் வாடகைக்கும் ஆதாயத்திற்கும் சென்றால் கைக்கு 1,400. கழுத்தும் இரு கைகளும் நிறைந்த வேலைக்கு நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் மூன்று நாள் ஆகுமென்றால் மொத்தம் 24 மணி. ஒரு மணிக்கு 58 ரூபாய். 'அடுத்த தெருவில் 2,500-க்குச் செய்கிறார்களே' என்று நாம் குறைக்கும் 500 ரூபாய், கல்லின் விலையிலும் குறையாது, கடை வாடகையிலும் குறையாது. அது எங்கிருந்து குறையும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். அப்போது மணிக்கு 38 ரூபாய்க்கும் கீழே.

கூலியைத் தவிரக் கண்ணும் கழுத்தும் இருக்கின்றன. தரையில் சம்மணமிட்டு நாள் முழுதும் குனிந்திருக்கும் வேலை இது. விளக்கு இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும் என்றும், அரைமணிக்கு ஒருமுறை தலையை உயர்த்தித் தொலைவிலுள்ள பொருளைப் பார்க்க வேண்டும் என்றும் பழைய தையல் ஆசிரியைகள் மாணவியரை வற்புறுத்துவார்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் வேலையை இரவில் கொடுக்கலாகாது என்பதும் அவர்கள் விதி. மணநாளுக்கு ஐந்து நாள் முன்னதாக ரவிக்கையைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இவ்விதிகளை மீறும்படி செய்கிறவர்களே.

வீட்டிலிருந்து இவ்வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு செய்தி. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு கைவினைஞர்களுக்கு அடையாள அட்டை வழங்கி வருகிறது. பூத்தையலும் அதில் அடங்கும். அரசுப் பயிற்சிகளுக்கும் கண்காட்சிகளில் இடம் பெறுவதற்கும் இவ்வட்டை உதவும். நம் பங்குகளின் மாதர் அமைப்புகள் இதற்கு விண்ணப்பிக்க அப்பெண்களுக்குத் துணை செய்யலாம்.

வேலை கொடுப்பவர்கள் தரம் அறிந்து வாங்குவதற்கும் சில அடையாளங்கள் உள்ளன. துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். இயந்திர வேலையில் பின்புறம் அடிநூல் ஒன்று, பெரும்பாலும் வெள்ளை நிறத்தில், எல்லாப் பூக்களுக்கும் பொதுவாக ஓடும். விறைப்பான காகிதத் துணியும் ஒட்டியிருக்கும். கைவேலையில் நிறத்திற்கு நிறம் நூல் மாறும். தையல்களின் நீளத்தில் மயிரிழை வேறுபாடு காணும். ஆரி வேலையானால் ஒவ்வொரு வரிசையும் முடியும் இடத்தில் முடிச்சு உறுதியாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சங்கிலித் தையலின் குறை அதன் பெயரிலேயே உள்ளது: கடைசி வளையத்தைக் கட்டாமல் விட்டால், ஓரிடத்தில் நூல் அறுந்ததும் முழு வரிசையும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

வாங்கியதைப் பாதுகாப்பதும் எளிதே. பருத்தி நூல் வேலையை முதல்முறை நனைக்கும் முன், ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். இஸ்திரி போடும்போது தடித்த துண்டை விரித்து, பூவேலையை அதன்மேல் கவிழ்த்து, பின்பக்கத்தில் தேய்த்தால் பூக்கள் நசுங்கா. ஜரிகையும் சமிக்கியும் உள்ள ரவிக்கையில் வாசனைத் திரவியம் தெளிக்கலாகாது. பாச்சை உருண்டை நேரே படலாகாது. பழைய வெள்ளைப் பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி, வேலைப்பாட்டின்மேல் மடிப்பு விழாதபடி வைத்து, மூன்று மாதத்திற்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட விட்டு மடிப்பை மாற்றி வைத்தால் அடுத்த தலைமுறைப் பெண்ணும் அதை உடுத்தலாம்.